உணவின் முன் தன்னை வென்றவர் – புனித லொயோலா இஞ்ஞாசியார்



சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் நாம் மனனம் செய்த தலையான பாவங்கள் ஏழினையும் ஒருகணம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவற்றுள் ஒன்று போசனப்பிரியம். அதற்கு மாற்றாக நமக்குக் கற்பிக்கப்பட்ட புண்ணியம் மட்டசனம், அதாவது மட்டாக உண்ணுதல். கோபத்தையும் பொய்யையும் பொறாமையையும் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிடும் நாம், போசனப்பிரியத்தைப் பாவமென்று எண்ணுவதே அரிதாகிவிட்டது. நாவுக்கு அடிமையாவதை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறோம்.

ஆயினும் அது வேடிக்கையன்று என்பதைப் பங்குப் பணியில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, நீரிழிவு நோயினால் துன்புறும் குடும்பத் தலைவர்கள் சிலர் பேச்சுவாக்கில் தம் மனவேதனையை வெளியிடுவதுண்டு. வைத்தியர் விலக்கியதை வீட்டார் உறங்கியபின் இரகசியமாக உண்பதாகவும், உண்டபின் தம்மையே வெறுப்பதாகவும், மறுநாளும் அதனையே செய்வதாகவும் கூறுவர். வேறு சிலர் தவக்காலம் நாற்பது நாளும் கடுமையாக ஒருசந்தி பிடித்து, உயிர்ப்புப் பெருவிழா முடிந்த கையோடு இழந்ததையெல்லாம் வட்டியோடு மீட்டுக்கொள்வர். அளவுக்கு மிஞ்சிய உணவு ஒரு கரை, அளவுக்கு மிஞ்சிய வெறுப்பு மறு கரை. இவ்விரு கரைகளுக்கும் இடையே அலைக்கழிக்கப்படும் உள்ளங்களுக்கு வழிகாட்டக்கூடிய புனிதர் ஒருவர் இருக்கிறார். அவரே இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார்.

அரசவை வீரர்

ஸ்பானிய நாட்டின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் மலைப்பிரதேசத்திலுள்ள லொயோலா கோட்டையில் 1491ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இனிகோ. பெரியதொரு பிரபுக் குடும்பத்தின் கடைக்குட்டி. இளம் பருவத்திலேயே அரசரின் பொருளாளர் ஒருவருடைய மாளிகைக்கு அனுப்பப்பட்டு, அரசவை வாழ்வின் பகட்டிலே வளர்ந்தார். வாள்வீச்சும் சூதாட்டமும் வீண்புகழும் அவரை ஆட்கொண்டிருந்தன. போசனப்பிரியர் என்று அவரைப்பற்றி வரலாறு சிறப்பாகக் குறிப்பிடவில்லை. எதைச் செய்தாலும் அளவின்றிச் செய்பவர் என்பது மட்டும் தெளிவு. அந்தக் குணமே பின்னாளில் அவருக்குச் சோதனையாக அமைந்தது.

1521ஆம் ஆண்டு மே மாதத்தில் பம்பலோனா நகரக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டொன்று அவருடைய வலது காலை முறித்தது. லொயோலாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவருக்கு, பிழையாகப் பொருந்திய எலும்பை மீண்டும் முறித்துச் சரிசெய்தனர். குணமடைந்தபின்னரும் முழங்காலுக்குக் கீழே எலும்பொன்று துருத்திக்கொண்டிருந்தது. நாகரிகமான காலணியை அணிய அது தடையாகுமென்று அதனை அறுத்தெறியச் செய்தார். உணர்வு மரக்கச்செய்யும் மருந்துகள் இல்லாத காலம் அது. அழகுக்காக அத்தகைய வேதனையைத் தாங்கிய மனிதரின் மனவுறுதியை எண்ணிப் பாருங்கள். உறுதி அவரிடம் நிறைந்திருந்தது. அது சென்ற திசைதான் தவறானது.

படுக்கையில் பொழுதுபோக்க வீரக்கதைகள் கேட்டார். அவ்வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுகளுமே. அவற்றை வாசித்தபோது அவருள் ஒரு போட்டியுணர்வு எழுந்தது. புனித தோமினிக்குவும் புனித பிரான்சிஸ்குவும் செய்தவற்றைத் தாமும் செய்யவேண்டும், வெறுங்காலோடு எருசலேமுக்குச் செல்லவேண்டும், இலை குழைகளை மட்டுமே உண்டு வாழவேண்டும் என்றெல்லாம் திட்டமிட்டார். மனமாற்றம் உண்மையானதே. ஆனால் அரசவையில் பிற வீரர்களை வெல்ல நினைத்தவர், இப்போது தவமுயற்சியில் புனிதர்களை வெல்ல நினைத்தார். பழைய இனிகோ இன்னும் முழுமையாக மறையவில்லை.

மன்ரேசாவில் நேர்ந்த சோதனை

1522ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மொன்செராத் மலையிலுள்ள அன்னை மரியாளின் திருத்தலத்தில் தம் விலையுயர்ந்த ஆடைகளை ஏழை ஒருவருக்கு அளித்துவிட்டு, சாக்குத்துணி உடுத்து, இரவு முழுவதும் கண்விழித்துச் செபித்தார். பின்னர் மன்ரேசா என்னும் சிற்றூரை அடைந்து, அங்கே பத்து மாதங்களுக்கு மேலாகத் தங்கினார். நாள்தோறும் பிச்சையெடுத்து உண்டார். இறைச்சியும் திராட்சை இரசமும் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் யாராவது கொடுத்தால் சிறிது இரசம் அருந்துவார். நாளொன்றுக்கு ஏழு மணிநேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். தலைமயிரையும் நகங்களையும் வெட்டாமல் வளரவிட்டார்.

அப்போதுதான் முதற் சோதனை வந்தது. இன்னும் எழுபது ஆண்டுகள் வாழ நேர்ந்தால், இவ்வளவு கடுமையான வாழ்வை எப்படித் தாங்கப்போகிறாய் என்று உள்ளத்தில் ஒரு குரல் கேட்டது. அது எங்கிருந்து வந்ததென்பதை அவர் உடனே உணர்ந்துகொண்டார். எழுபது ஆண்டுகளைப்பற்றிப் பேசுகிற உன்னால் ஒரு மணிநேர ஆயுளையாவது எனக்கு உறுதியளிக்க முடியுமா என்று திருப்பிக் கேட்டு அச்சோதனையை வென்றார்.

அன்புக்குரியவர்களே, இந்நிகழ்வைச் சற்று நின்று சிந்தியுங்கள். இனிப்பை விட்டுவிடத் தீர்மானிக்கும் ஒருவரிடம் சோதனைக்காரன் இன்றைய நாளைப்பற்றிப் பேசுவதில்லை. சாகும்வரை இப்படியே இருக்கமுடியுமா என்றுதான் கேட்பான். வாழ்நாள் முழுவதையும் ஒரே சுமையாகக் கட்டி நம் தலையில் ஏற்றுவது அவனுடைய தந்திரம். ஆண்டவரோ அன்றன்றைய அப்பத்தை அன்றன்று கேட்கவே நமக்குக் கற்றுத்தந்தார். இன்றைய ஒரு வேளை உணவில் நேர்மையாக இருப்பதற்கான அருள் இன்று தரப்படும். நாளைக்குரியது நாளை தரப்படும்.

ஆனால் அடுத்த சோதனையில் இனிகோ ஏறத்தாழ வீழ்ந்துவிட்டார். ஏனெனில் அது தீமையின் உருவில் வராமல் பக்தியின் உருவில் வந்தது. தம் பழைய பாவங்களைச் சரியாக அறிக்கையிடவில்லையோ என்னும் மனச்சஞ்சலம் அவரை வாட்டியது. திரும்பத்திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி கிட்டவில்லை. தாம் தங்கியிருந்த அறையிலிருந்த குழியொன்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட எழுந்தது. அது பாவமென்று கதறி, இறைவனைத் துணைக்கழைத்தார். அந்நிலையில், கேட்ட வரம் கிடைக்கும்வரை உண்ணாதிருந்த புனிதர் ஒருவரின் வரலாறு நினைவுக்கு வந்தது. தாமும் அவ்வாறே இறைவன் அமைதி தரும்வரை, அல்லது சாகும் தறுவாயை அடையும்வரை, உண்பதில்லை என்று முடிவுசெய்தார். ஒரு ஞாயிறு நற்கருணை உட்கொண்டபின் தொடங்கி, அடுத்த ஞாயிறுவரை உணவோ நீரோ இன்றி இருந்தார். நள்ளிரவுச் செபத்தையோ ஏனைய தவமுயற்சிகளையோ குறைக்கவுமில்லை.

அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்தில் இதனைத் தம் ஆன்ம குருவிடம் தெரிவித்தார். உடனே உண்ணுமாறு அக்குரு கட்டளையிட்டார். தம்மிடம் இன்னும் வலிமை இருப்பதாக இனிகோ உணர்ந்தபோதிலும் கீழ்ப்படிந்து உண்டார். இதுவே அவருடைய வாழ்வின் பெரும் திருப்பங்களுள் ஒன்று என நான் கருதுகிறேன். ஒரு வாரம் உண்ணாதிருப்பதற்குத் தேவைப்பட்டதைவிட, ஒரு சொல்லுக்குப் பணிந்து உண்பதற்கு அவருக்கு அதிக தன்னடக்கம் தேவைப்பட்டது. தன்னடக்கம் என்பது உடலை மட்டும் அடக்குவதன்று. தன் விருப்பத்தையும், தன் தவத்தைப்பற்றிய பெருமையையும் சேர்த்து அடக்குவதே அது.

சஞ்சலம் இரண்டொரு நாளில் மீண்டும் வந்தது. எனினும், அது எவ்வாறு வருகிறது, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை இப்போது கவனித்துப் பார்த்தார். உறக்கத்திலிருந்து விழித்தவர்போலத் தெளிவடைந்து, மன்னிக்கப்பட்ட பழைய பாவங்களை இனிக் கிளறுவதில்லை எனத் தீர்மானித்தார். விடுதலையும் பெற்றார். சிறிது காலத்தின்பின் ஒரு நாள் காலையில் துயிலெழுந்தபோது, சமைத்த இறைச்சி கண்முன்னே இருப்பதுபோல் தோன்றியது. அதற்குமுன் அதன்மேல் ஆசை எதுவும் எழவில்லை. இனி இறைச்சி உண்ணலாம் என்னும் உறுதி மட்டும் உள்ளத்தில் உண்டாயிற்று. இது சோதனையோ என்று ஆராயும்படி குரு கூறினார். அவர் நன்கு ஆராய்ந்தும் ஐயம் எழவில்லை. மயிரையும் நகங்களையும் வெட்டிக்கொண்டார். ஆண்டவர் தம்மை ஒரு பள்ளி ஆசிரியர் சிறுவனை நடத்துவதுபோல் நடத்தினார் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

தான் பட்டதைப் பிறர் படாதபடி

மன்ரேசாவில் அவர் கடும் காய்ச்சலில் வீழ்ந்தார். அங்கே தொடங்கிய வயிற்றுவலி இடையிடையே விட்டுவிட்டு, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. எருசலேம் சென்று திரும்பி, 33 வயதில் பார்சலோனாவில் சிறுவர்களுடன் அமர்ந்து இலத்தீன் கற்று, 1528இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே புனித பார்பரா கல்லூரியில் அவருடன் ஒரே அறையில் தங்கியவர்கள் இருவர். ஒருவர் பீற்றர் ஃபாபர். மற்றவர் பிரான்சிஸ் சவேரியார். 1544இல் மன்னாருக்குத் தம் சார்பில் ஒரு குருவை அனுப்பி, நம் மண்ணில் விசுவாச விதையைத் தூவச்செய்த அதே சவேரியார்தான். அவ்விதை முளைத்த அதே ஆண்டிலேயே மன்னார் வேதசாட்சிகளின் இரத்தம் சிந்தப்பட்டதை நாம் அறிவோம். அந்த விசுவாசத்தின் ஊற்றைத் தேடிச்சென்றால், பாரிஸின் அந்தச் சிறிய அறையைச் சென்றடைவோம்.

ஃபாபர் இனிய சுபாவமுடையவர். எனினும், போசனப்பிரியத்தின் சோதனையும் மனச்சஞ்சலமும் தம்மை வருத்தியதை அவரே எழுதிவைத்துள்ளார். 1534ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் இஞ்ஞாசியாரின் வழிகாட்டலில் முப்பது நாள் தியானம் செய்தார். செயின் நதியே உறைந்துபோன குளிர். ஃபாபரோ நெருப்பு மூட்டாமல், ஆறு நாட்களாக உணவின்றி இருந்தார். அவரைச் சந்திக்க வந்த இஞ்ஞாசியார் முகத்தைப் பார்த்தே ஐயுற்று விசாரித்தார். உண்மையை அறிந்ததும், நெருப்பு மூட்டி, உணவு சமைத்து உண்ணச்செய்தார். மன்ரேசாவில் ஒரு குரு தமக்குச் செய்ததை, இப்போது தாம் பிறருக்குச் செய்தார். இந்த ஃபாபரை 2013ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

1540ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுல் இயேசு சபையை அங்கீகரித்தார். சபையின் முதல் தலைவரான இஞ்ஞாசியார், திருச்சபை விதித்தவற்றுக்கு மேலான ஒருசந்திகளையோ ஒறுத்தல்களையோ தம் சபையினர் அனைவருக்குமான சட்டமாக ஏற்படுத்தவில்லை. காந்தியா நாட்டுக் கோமகனாயிருந்த பிரான்சிஸ் போர்ஜியா கடும் ஒருசந்தியால் உடலை வருத்துவதை அறிந்தபோது, 1548இல் அவருக்குக் கடிதம் எழுதினார். உடலும் ஆன்மாவும் இறைவனுடையவை, இரண்டுக்கும் கணக்குக் கொடுக்கவேண்டும், எனவே ஒருசந்தியைக் குறைத்து வயிற்றைப் பலப்படுத்தவேண்டும் என்பது அதன் சாரம். உரோமையில் தம்முடன் வாழ்ந்த இளைஞர்கள் நன்றாகப் பசித்து உண்பதைக் கண்டு மகிழ்ந்தார். தாம் மிகக் குறைவாக உண்டாலும், மேசையிலுள்ள மற்றவர்கள் கூச்சப்படாதபடி அவர்கள் முடிக்கும்வரை சிறிது சிறிதாக உண்டுகொண்டிருப்பார். எப்போதாவது அவருக்கு விருந்து என்று வைப்பது சுட்ட கஷ்கொட்டைகள் நான்கு மட்டுமே. அவை அவருடைய பிறந்த மண்ணின் உணவு. சிறுவயதில் உண்ட அச்சுவையைப் புனிதர் வெறுக்கவில்லை. நன்றியோடு நான்கை உண்டு, அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

உணவு மேசைக்கு அவர் தந்த வழிகள்

1548இல் திருச்சபையின் அங்கீகாரம் பெற்ற அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூலில், உணவு உண்பதில் ஒழுங்கைக் கடைப்பிடிக்க எட்டு விதிகள் உள்ளன. அவற்றை ஆண்டவரின் இறுதி இராவுணவையும் பாடுகளையும் தியானிக்கும் பகுதியின் முடிவிலே வைத்தார். நம் உணவு மேசை ஆண்டவரின் உணவு மேசையோடு தொடர்புடையது என்பதை இதனால் உணர்த்துகிறார் எனலாம். அவ்விதிகளில் நம் குடும்பங்களுக்குப் பொருந்துபவற்றை என் சொற்களில் தருகிறேன்.

முதலாவது, எல்லா உணவும் ஒரே அளவில் சோதனையாவதில்லை. சாதாரண அப்பத்தில் ஆசை அவ்வளவாக மிஞ்சுவதில்லை. பானத்திலும் சுவையான பதார்த்தங்களிலுமே எச்சரிக்கை மிகுதியாகத் தேவை. எனவே நம்மை வீழ்த்துவது எதுவென்று இனங்காணவேண்டும். சோறா, இனிப்பா, மதுவா, நள்ளிரவுத் தின்பண்டமா என்று நேர்மையாக நம்மையே கேட்டுக்கொள்வோம்.

இரண்டாவது, உண்ணும்போது கிறிஸ்து ஆண்டவர் தம் சீடரோடு அமர்ந்து எவ்வாறு உண்டார், எவ்வாறு அருந்தினார், எவ்வாறு பேசினார் என்று மனக்கண்ணால் பார்க்கவேண்டும். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் பார்த்துக்கொண்டு உண்பவருக்குத் தாம் எவ்வளவு உண்டோம் என்பதே தெரியாது.

மூன்றாவது, முழுமனமும் உணவிலே மூழ்கிவிடாமலும், அவசர அவசரமாக விழுங்காமலும் இருக்கவேண்டும். உண்ணும் விதத்திலும் அளவிலும் நாமே நமக்குத் தலைவராயிருக்கவேண்டும்.

நான்காவது விதி மிகவும் நுட்பமானது. அடுத்த வேளைக்கு எவ்வளவு போதுமென்பதை, இந்த வேளை உண்டு முடித்து, பசியில்லாதிருக்கும்போதே தீர்மானிக்கவேண்டும். பின்னர் பசியோ ஆசையோ தூண்டினாலும் அந்த அளவைத் தாண்டக்கூடாது. இன்னும் கொஞ்சம் என்று சோதனை வற்புறுத்தினால், தீர்மானித்ததிலும் சற்றுக் குறைவாக உண்ணவேண்டும். பசியோடு மேசைக்கு வரும்போது நம்முள் நீதிபதி இருப்பதில்லை, வழக்காளி மட்டுமே இருக்கிறான். ஆகவே நீதிபதி விழித்திருக்கும் நேரத்திலேயே தீர்ப்பை எழுதிவைத்துவிடு என்பதுபோல் இருக்கிறது இவ்வறிவுரை. ஏசா பசிக்களையோடு வந்த நேரத்தில்தான் ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்குத் தன் தலைமகனுரிமையை விற்றான் என்பதை மறவாதீர்கள்.

அதே நூலின் வேறோரிடத்தில் இஞ்ஞாசியார் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகிறார். மிகையானதைக் குறைப்பது ஒறுத்தலன்று, அது மட்டசனமே. நமக்குப் பொருத்தமான அளவிலிருந்து இறையன்புக்காக ஒரு பகுதியைக் குறைப்பதே ஒறுத்தல். அதுவும் உடல்நலத்துக்குக் குறிப்பிடத்தக்க கேடு விளைவிக்கக்கூடாது. தவக்காலத்தில் மூன்றாம் முறை பரிமாறுவதைத் தவிர்த்துவிட்டு, பெரும் தவம் செய்ததாக எண்ணும் நமக்கு இது நல்ல பாடம்.

சோதனைக்காரன் ஒரு படைத்தலைவனைப்போல் கோட்டையைச் சுற்றிவந்து, மதில் எங்கே பலவீனமாயுள்ளதோ அங்கேயே தாக்குவான் என்றும் அவர் எழுதினார். பம்பலோனாவில் மதில் தகர்வதைக் கண்ணால் கண்டவரல்லவா! மேலும், அவன் எப்போதும் இரகசியத்தையே விரும்புகிறான். அவன் சொல்வதை நல்ல ஆன்ம குருவிடம் வெளிப்படுத்தினால் தோற்றுப்போகிறான். நள்ளிரவில் மறைவாக உண்ணும் சகோதரரே, சகோதரியே, உங்கள் விடுதலை இன்னும் கடுமையான ஒரு சபதத்தில் இல்லாதிருக்கலாம். அதை ஒருவரிடம் மனந்திறந்து சொல்வதில் அது தொடங்கலாம். உங்கள் துணைவரிடம், வைத்தியரிடம், ஆன்ம குருவிடம் சொல்லுங்கள். உண்ணாமல் தம்மை வருத்திக்கொள்ளும் இளையோருக்கும் இதையே சொல்லுகிறேன். இஞ்ஞாசியார் தம் பட்டினியை மறைக்காமல் சொன்னதனாலேயே பிழைத்தார்.

நிறைவாக

1556ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி அதிகாலையில் உரோமை நகரில் இஞ்ஞாசியார் இறைவனடி சேர்ந்தார். அவர் உடலைப் பரிசோதித்த ரியால்டோ கொலொம்போ என்னும் உடற்கூற்று வல்லுநர், உள்ளுறுப்புகள் பலவற்றிலே கற்களைக் கண்டெடுத்தார். வாழ்நாளெல்லாம் அவர் வெளிக்காட்டாது தாங்கிய வேதனை எத்தகையது என்பது அப்போதுதான் புலனாயிற்று. அவ்வேளையில் இயேசு சபையில் ஏறத்தாழ 1000 பேர் இருந்தனர். 1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி, தம் நண்பர் சவேரியாரோடு சேர்ந்தே அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அன்பார்ந்த குடும்பங்களே, பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த ஆண்டவரிடம் சோதனைக்காரன் முதலில் பேசியது அப்பத்தைப் பற்றியே. ஆண்டவர் அப்பத்தை வெறுக்கவில்லை. பின்னர் அவரே ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தார், கானாவூர்த் திருமண வீட்டில் விருந்துண்டார், இறுதியில் தம்மையே அப்பமாக நமக்குத் தந்தார். ஆகவே உணவு நம் எதிரியன்று. அது இறைவனின் கொடை. கொடையைக் கொடுத்தவருக்கு மேலாக வைப்பதே பாவம். அக்கொடையைத் தாங்கும் உடலை வெறுப்பதும் அவருக்கு உகந்ததன்று.

இன்றிரவு உங்கள் வீட்டில் உணவு பரிமாறப்படும்போது, பிள்ளைகளோடு சேர்ந்து ஒருகணம் நன்றிச் செபம் சொல்லுங்கள். ஆண்டவரும் உங்களோடு அமர்ந்திருப்பதாக எண்ணி மெதுவாக உண்ணுங்கள். உண்டு முடித்ததும், நாளைய முதல் வேளைக்கு எவ்வளவு போதுமென்பதை அமைதியாகத் தீர்மானியுங்கள். எழுபது ஆண்டுகளுக்கு வேண்டாம், ஒரு வேளைக்கு மட்டும். தவறினால் மனமுடைந்து போகாமல், அடுத்த வேளையில் மீண்டும் தொடங்குங்கள். குறைத்ததன் பயன் பசித்திருக்கும் ஓர் ஏழையின் தட்டைச் சென்றடைந்தால், உங்கள் மட்டசனம் பிறரன்பாகவும் மலரும்.

புனித லொயோலா இஞ்ஞாசியாரே, உண்ணும்போதும் உண்ணாதிருக்கும்போதும் எம்மை நாமே ஆளும் வரத்தை எமக்குப் பெற்றுத்தாரும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.